மூச்சுக்கு ஒரு ரிலே

“கரண்ட்டு பில்ல உங்கப்பனா கட்றான்?”

முதலாளி இதைக் கத்திச் சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். எதிரே நின்றவள் என் அண்ணி வள்ளி. முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கக் கட்டியிருந்தாள். புருவம், இமை, காதோரத்து முடி எல்லாவற்றிலும் ஈட்டி மரத்தூள் படிந்து ஊதா கலந்த பழுப்பாக இருந்தது. கண்கள் மட்டும் சிவப்பு.

அவள் கேட்டது இவ்வளவுதான்: “ஐயா, அந்த உறிஞ்சியக் கொஞ்சம் போடுங்கய்யா. கன்னியம்மாவுக்கு மூச்சு வாங்குது.”

நான் அதே அறையின் மூலையில், தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரிப்பேர் கடையிலிருந்து வந்த பெண் என்றுதான் அவருக்கு என்னைத் தெரியும். வள்ளிக்கு நாத்தனார் என்று தெரியாது. அண்ணி என்னைப் பார்த்தாள். பேசாதே என்று கண்ணாலேயே சொன்னாள். கையிலிருந்த ஸ்குரு டிரைவர் நழுவி விரலைக் கிழித்தது. ரத்தம் வந்தது அப்புறம்தான் தெரிந்தது.

வெற்றிலையை மடித்து வாயில் போட்ட பிறகு, முதலாளி அண்ணியிடம் இன்னொன்றும் சொன்னார். “மூச்சு வாங்கினா வெளிய போயி வாங்கிக்க சொல்லு. இங்க மெஷினு காத்துக்கிட்டு நிக்குது.”

எத்தனையோ வருடம் ஆயிற்று. இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

நாற்காலிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

எங்கள் ஊரில் சாரம் என்கிற பகுதியில், ஒரு பெரிய ஓட்டுக் கொட்டகையில் அந்தப் பட்டறை இருந்தது. பழைய பிரெஞ்சுக்காரர் வீடுகளில் கிடக்குமே, வளைந்த கால் வைத்த மேஜை, செதுக்கு வேலை செய்த அலமாரி, அவற்றைப் போலவே புதிதாகச் செய்து கப்பலில் பிரான்சுக்கு அனுப்புவார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. மில்களில் வேலை குறைந்து ஆட்கள் தெருவில் நின்ற காலம். பட்டறை வேலை கிடைத்ததே பெரிய காரியம் என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள்.

மரத்தை அறுக்க வட்ட ரம்பம், இழைக்க ஒரு மெஷின், பிறகு தேய்க்கும் மெஷின்கள். தேய்க்கும் மெஷின் என்றால், அகலமான உப்புத்தாள் பட்டை இரண்டு உருளைகளின் மேல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பலகையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்களுக்கு. ரம்பத்தில் வருவது தவிடுபோலக் கனமான தூள், அது கீழே விழுந்துவிடும். பட்டையில் வருவது பவுடர். அது விழாது. வெயில் கோடு ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே வரும்போது, அந்தக் கோட்டுக்குள் அது மிதப்பதைப் பார்க்கலாம். கோட்டுக்கு வெளியே பார்க்க முடியாது. ஆனால் அங்கும் இருக்கும்.

தூசியை இழுக்க ஒரு பெரிய ஃபேனும், ஒவ்வொரு மெஷினுக்கும் தகரக் குழாயும், கொட்டகைக்கு வெளியே துணிப் பையுமாக ஒரு ஏற்பாடு இருந்தது. பிரான்சு பார்ட்டி வற்புறுத்தி வைக்கச் சொன்னது. பெண்கள் அதற்கு வைத்த பெயர் உறிஞ்சி. அதன் சுவிட்ச் எங்கே தெரியுமா? பட்டறையில் இல்லை. முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே. அவர் எழுந்து திரும்பினால்தான் அது ஓடும். அவர் எழுந்து திரும்பியது பிரான்சுக்காரர் வந்தபோதும், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தபோதும் மட்டும்தான்.

“உறிஞ்சி ஓடுதுன்னா யாரோ வராங்கன்னு அர்த்தம்” என்பாள் அண்ணி. “நாங்க சீலைய உதறி ஒழுங்கா கட்டிக்குவோம்.”

திங்கட்கிழமை நெஞ்சு

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா மில்லில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். எழுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், எங்கள் வீட்டில் வாரத்தின் நாட்களை அப்பாவின் மூச்சை வைத்தே சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிவருவார், உரக்கப் பேசுவார். திங்கட்கிழமை மில்லுக்குப் போய்த் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு என்பார். செவ்வாய், புதனில் கொஞ்சம் இறங்கும். அடுத்த திங்கள் மறுபடியும்.

லீவு முடிந்து பஞ்சுத் தூசிக்குள் போகிற முதல் நாளில் நெஞ்சு இறுகுவது உலகம் முழுக்க மில் தொழிலாளிகளுக்குத் தெரிந்த விஷயம் என்று நான் பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். மில் டாக்டருக்கு அது தெரியவில்லை. அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “பீடிய நிறுத்துய்யா.”

என் அப்பா பிறந்ததிலிருந்து பீடியைத் தொட்டதில்லை. அதை அவர் டாக்டரிடம் சொல்லவும் சொன்னார். “எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க” என்று டாக்டர் சிரித்தாராம்.

அப்பா போனபோது எனக்குப் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். ஆகவே அண்ணி பட்டறையிலிருந்து திரும்பி, கொல்லையில் காறித் துப்பி, “திங்கக்கெழமையானா நெஞ்சு அடைக்குது சுசீ” என்று சொன்ன அன்று நான் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். பஞ்சு போய் மரம் வந்திருந்தது. திங்கட்கிழமை மட்டும் மாறவில்லை.

சேவியர் அண்ணன் கடை

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்த பெண்ணுக்கு வேலை தேடி நான் அலைந்த கதையை இந்தத் தொடரில் சில வாரங்களுக்கு முன்பே எழுதிவிட்டேன். கடைசியில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் சேவியர் அண்ணன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் அவருக்கு ஒரு கடை. ரேடியோ, மிக்ஸி, மோட்டார், எல்லாம் பார்ப்பார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் “மெக்கானிக் இல்லயா?” என்று கேட்பார்கள். “அவதான் மெக்கானிக்” என்று சேவியர் அண்ணன் சொல்வார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

ஸ்டார்ட்டர் ரிப்பேர் முடிந்து கடைக்குத் திரும்பியதும் அவரிடம் நடந்ததைக் கொட்டினேன்.

“வேலைய முடிச்சுட்டியா?” என்றார்.

“முடிச்சுட்டேன்.”

“அவ்ளோதான் நம்ம பாடு. பெரிய பார்ட்டிம்மா அது. அவரு பட்டறை, அவரு ஃபேனு.”

“அவரு நுரையீரல் இல்லயேண்ணா.”

அவர் ஒரு ரேடியோவைத் திறந்து உள்ளே ஊதினார். தூசி பறந்தது. இரண்டு பேருமே தும்மினோம்.

எனக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் ஒரு மனிதனின் கையில் இருப்பதுதானே தொல்லை? கையே இல்லாமல் செய்துவிட்டால்? ரம்பம் ஓடும் நேரத்தில்தான் மற்ற மெஷின்களும் ஓடும். ரம்பம் ஓடினால் உறிஞ்சி தானாக ஓட வேண்டும். ரம்பம் நின்றால் தானாக நிற்க வேண்டும். யாரும் யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டிக்கு வேர்க்கிறதா?

விஷயம் இதுதான். மின்சாரம் ஓடுகிற கம்பியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் காந்த சக்தி இருக்கும். அந்தக் கம்பியை ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்று சுற்றாகச் சுற்றிவிட்டால், பெரிய கம்பியில் மின்சாரம் ஓடும்போதெல்லாம் சின்னக் கம்பியில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். பெரிய கம்பியை வெட்ட வேண்டாம், தொடக்கூட வேண்டாம். பக்கத்து அறையில் யாரோ பேசுவதைச் சுவரில் காதை வைத்துக் கேட்பது மாதிரி.

கேட்ட சத்தம் மிகச் சின்னது. அதை ஒரு டிரான்சிஸ்டர் பெரிதாக்கும். பெரிதானது ஒரு ரிலேயை இழுக்கும். ரிலே என்பது கைக்குப் பதிலாக மின்சாரமே தட்டிவிடும் சின்ன சுவிட்ச். அந்தச் சுவிட்ச் உறிஞ்சியின் ஸ்டார்ட்டரை இயக்கும்.

காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பிரித்து வளையம் சுற்றினேன். வீட்டில் ரம்பம் ஏது? இஸ்திரிப் பெட்டியை ரம்பமாகவும் மேஜை விசிறியை உறிஞ்சியாகவும் வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் ரிலே குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோலக் கடகடத்தது. வருகிற மின்சாரம் அலை அலையாக வருவதால் ரிலேயும் விட்டு விட்டு இழுத்தது. ஒரு டயோடும் கண்டென்சரும் போட்டு அலையைச் சமன் செய்தேன். இரண்டாம் தடவை சரியாக இழுத்தது. பெட்டியை நிறுத்தியதும் டிரான்சிஸ்டர் செத்துப்போனது. புதியது போட்டேன். அதுவும் செத்தது. ரிலேயின் சுருள் விடுபடும்போது எதிர்ப்பக்கமாக ஓர் உதை உதைக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். படித்தது உதை வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த உதையைத் தாங்க ரிலேயின் குறுக்கே இன்னொரு டயோடு வைத்ததும் சரியாயிற்று.

இஸ்திரிப் பெட்டி சூடேறியது. விசிறி சுழன்றது. பெட்டியை நிறுத்தினேன், விசிறியும் நின்றது. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“ஏண்டி, இஸ்திரிப் பொட்டிக்கு வேர்க்குதா? அதுக்கு வெசிறி வெக்கிற?”

அன்றைக்கு அண்ணியும் நானும் சிரித்த சிரிப்பில் அண்ணிக்கு இருமல் வந்து, அது நிற்கவே இல்லை. நாங்கள் சிரிப்பதை நிறுத்திக்கொண்டோம்.

பட்டறைக்கு ஏற்றபடி இன்னும் இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. ரம்பமும் உறிஞ்சியும் ஒரே நொடியில் கிளம்பினால் ஃபியூஸ் தாங்காது. எனவே ரம்பம் வேகம் பிடித்த பிறகே உறிஞ்சி கிளம்ப வேண்டும். அதேபோல் ரம்பம் நின்றதும் உறிஞ்சி சட்டென்று நின்றால் குழாயில் கிடக்கும் தூசி திரும்பிக் கொட்டும். அது கொஞ்ச நேரம் ஓடி ஓய வேண்டும். இரண்டுக்கும் கண்டென்சரை வைத்தே வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கி, ரிலே இழுத்திருப்பதைக் காட்ட முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு வைத்தேன்.

“இனிமே யாரும் நிறுத்த முடியாது”

முதலாளி ஏன் சம்மதித்தார் என்று நீங்கள் கேட்கலாம். பிரான்சு பார்ட்டியின் ஆள் ஒருவர் வந்து, ஒரு பெரிய ஆர்டர் முடியும்வரை ஊரிலேயே தங்குவதாக இருந்தது. நாள் முழுக்க உறிஞ்சி ஓடுமே என்று முதலாளி கலங்கிப்போயிருந்தார். “மெஷின் ஓடுற நேரத்துக்கு மட்டும்தாங்க ஓடும். மத்த நேரம் தானா நின்னுடும்” என்று நான் போய்ச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

“யாரும் போட்டு நிறுத்த வேண்டியதில்லையா?”

“யாரும் போட வேணாம். யாரும் நிறுத்தவும் முடியாது.”

அவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கியிருக்கிறார்.

பெட்டியை மாட்டிய அன்று பட்டறையே சுற்றி நின்றது. ரம்பத்தின் பச்சைப் பொத்தானை அழுத்தினார்கள். ரம்பம் கிறீச்சிட்டு வேகம் பிடித்தது. பெட்டிக்குள் ‘டக்’ என்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. கொட்டகைக்கு வெளியே ஊங் என்று உறிஞ்சி எழுந்தது. கன்னியம்மா பட்டையில் பலகையை வைத்து அழுத்தினாள். பவுடர் மேலே எழவில்லை. அப்படியே வளைந்து குழாய்க்குள் போனது. அவள் முந்தானைக் கட்டை அவிழ்த்து, வாயை மூடாமல், மூக்கைச் சுளிக்காமல் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“மரம் வாசனையா இருக்குதுடி” என்றாள். பல வருடமாக அதே மரத்தைத் தேய்க்கிறவள்.

பிரான்சுக்காரர் இருந்த வாரங்களில் அண்ணியின் திங்கட்கிழமைகள் லேசாயின. நான் ரொம்பப் பெருமைப்பட்டேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சிவப்பு விளக்கு

பிரான்சுக்காரர் விமானம் ஏறினார். அடுத்த வாரமே அண்ணி பழையபடி ஊதாப் புருவத்தோடு வந்தாள்.

“பொட்டி கெட்டுப்போச்சா அண்ணி?”

“கெடல. வெளக்கு எரியுது. டக்குன்னு சத்தமும் கேக்குது. உறிஞ்சி மட்டும் ஓடல.”

மறுநாள் வேறொரு ரிப்பேர் சாக்கில் போனேன். பார்த்ததும் புரிந்தது. பெட்டியைத் தொடவே இல்லை. பெட்டியிலிருந்து உறிஞ்சியின் ஸ்டார்ட்டருக்குப் போகிற கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய முனைகளைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போய், முதலாளியின் மேஜைக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். இந்த முறை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கும் சிரமம்கூட அவருக்கு இல்லை. உட்கார்ந்தபடியே கையை விட்டால் போதும்.

நான் கேட்டதற்கு அவர் கோபிக்கவில்லை. “நல்ல பொட்டிதாம்மா. வேணும்போது வேல செய்யுது” என்றார்.

அண்ணி இந்தமுறை சும்மா இருக்கவில்லை. கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் ஆபீசில் வாயால் சொல்லிவிட்டு வந்தாள். அவர் வருவது யார் மூலமோ முதலாளிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வந்த அன்று உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கே இல்லை. அண்ணி அப்படியே நடித்துக் காட்டியதைத்தான் எழுதுகிறேன்.

“என்னங்க இது பொட்டி?” என்று கேட்டாராம் இன்ஸ்பெக்டர்.

“ஆட்டோமேட்டிக் சார். மெஷின் ஓடினா ஃபேன் தானா ஓடும். யாரும் நிறுத்த முடியாது.”

என்னுடைய வார்த்தைகள்! ஒரு எழுத்து மாறாமல்.

அண்ணி குறுக்கே போய், “சார், நீங்க வந்திருக்கறதால ஓடுது. நீங்க தெருமுனை திரும்பறதுக்குள்ள நிறுத்திடுவாரு” என்றிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினாராம். “அது எப்படிம்மா நிறுத்த முடியும்? ஆட்டோமேட்டிக்குன்னு சொல்றாரில்ல. பாரு, வெளக்கு எரியுது.”

மேஜைக்குக் கீழே குனிந்து பாருங்கள் என்று அண்ணி கெஞ்சியிருக்கிறாள். அவர் குனியவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார்.

முன்பெல்லாம் பொய் சொல்ல முதலாளிக்கு வாய் வேண்டியிருந்தது. இப்போது நான் சுற்றிய சுருளும், நான் பற்றவைத்த ரிலேயும், நான் ஆசையாக வைத்த சிவப்பு விளக்கும் அவருக்காகப் பொய் சொல்லின. ஒரு பெண் பொழுதெல்லாம் இருமிக்கொண்டு நேரில் நின்று சொல்வதைவிட, ஒரு விளக்கு எரிவது நம்பத் தகுந்ததாகிவிட்டது. இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

வேறொரு கம்பி

அன்று மாலை மார்க்கெட் கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வழி கேட்டுக் கத்துகிறார், நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். வாய்க்குள்ளேயே முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ‘உறிஞ்சி ஓடாம ஒன் மெஷின் எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்’ என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் வந்தது. கோபத்தில் வந்த வாக்கியம்தான். ஆனால் அதுதான் சர்க்யூட்.

அதுவரை நான் ரம்பத்தின் கம்பியைக் கவனித்து உறிஞ்சியை ஓட்டிக்கொண்டிருந்தேன். கவனிக்க வேண்டியது உறிஞ்சியின் கம்பியை! அதில் மின்சாரம் ஓடுகிறதா? ஓடினால் ரிலே இழுக்கட்டும். ரிலே இழுத்திருக்கும்வரைதான் மற்ற மெஷின்களுக்கு மின்சாரம். உறிஞ்சி நின்றால் ரிலே விடும், மெஷின்கள் எல்லாம் நிற்கும். அதே வளையம், அதே டிரான்சிஸ்டர், அதே ரிலே. கம்பி மட்டும் வேறு.

அண்ணியிடம் சொன்னேன். அவள் உடனே ஓட்டை தேடினாள். “கொழாய்ல துணிய அடைச்சுட்டு ஃபேன மட்டும் சும்மா சுத்த வுட்டா?”

இதற்கு விடை எனக்கே வியப்பாக இருந்தது. குழாயை அடைத்தால் அந்த மாதிரி ஃபேன் திணறி அதிக மின்சாரம் இழுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் அதற்கு வேலை குறைந்து மின்சாரமும் குறையும். ரிலே இழுக்கத் தேவையான மின்சார அளவைக் கொஞ்சம் மேலே வைத்துவிட்டால், குழாய் அடைத்தாலும் பை நிறைந்தாலும் மெஷின் நின்றுவிடும்.

“வேற எதனா மோட்டார எடுத்தாந்து மாட்டிட்டா?”

“அதுக்கும் கரண்ட் செலவாகும்ல அண்ணி.”

“ஆமா, அது அவருக்கு வலிக்கும்” என்றாள்.

திருட்டுத்தனமாக மாட்டிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. “நாம எதுக்கு ஒளிக்கணும்? ஒளிச்சவரு அவரு.”

மறுநாள் காலையில் தேய்க்கும் மெஷின் பெண்கள் உள்ளே போகவில்லை. பட்டறை வாசலில் இருந்த வாதாமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆர்டர் பாக்கி இருந்தது, மெட்ராசில் கப்பல் காத்திருந்தது. முதலாளி வந்து மிரட்டினார். ஊருக்கு ஊர் ஆள் இருக்கு என்றார். கன்னியம்மாவின் புருஷனைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். அந்தப் புருஷன் வந்து, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டு நேரத்தில் ரம்பம் ஓட்டுகிற ஆண்களும் வெளியே வந்தார்கள்.

பெண்கள் கேட்டது கூலி இல்லை. “சுசீலாவக் கூப்ட்டு பொட்டிய மாத்தி மாட்டச் சொல்லுங்க. மெஷினத் தொடறோம்.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் வெயில் ஏறுவதற்குள் என்னைக் கூட்டிவரக் கடைக்கு ஆள் வந்துவிட்டது.

பர்மிஷன்

நான் எல்லோர் முன்னிலையிலும் வேலை செய்தேன். ஒவ்வொரு கம்பியையும் என்ன, எதற்கு என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பூட்டினேன். மேஜைக்குக் கீழே இருந்த சுவிட்சைக் கழற்றவில்லை. “அது இருக்கட்டும்” என்றேன். முதலாளிக்குப் புரியவில்லை.

உறிஞ்சியை ஓட்டினோம். ரம்பத்தை ஓட்டினோம். ஒரு தடித்த பலகை பாதி தூரம் அறுபட்டிருந்தது. அப்போது முதலாளி தன் அறைக்குப் போய், மேஜைக்குக் கீழே கையை விட்டார். பழக்கமோ, சோதனையோ, தெரியாது.

வெளியே உறிஞ்சியின் ஊங்காரம் இறங்கியது. என் பெட்டிக்குள் ‘டக்’. ரம்பம் முனகிக்கொண்டே வேகம் இழந்து பலகையின் நடுவிலேயே நின்றது. தேய்க்கும் மெஷின்கள் நின்றன. இழைக்கிற மெஷின் நின்றது. அந்தக் கொட்டகையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

அவர் சுவிட்சை மறுபடி போட்டார். உறிஞ்சி எழுந்தது. மெஷின்கள் எழவில்லை. ஆட்கள் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் எழும். யாரும் அழுத்தவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, என் மெஷின நான் ஓட்டறதுக்கு அந்த ஃபேனுகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள். “நாங்க மூச்சு வுடறதுக்கு ஒங்ககிட்ட பர்மிஷன் கேட்டோமே ஐயா. அதுமாதிரிதான்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. முந்தானை வாயில் கட்டியிருக்கவில்லை. முதலாளி கையை வீசி, “போடுங்க, போடுங்க” என்று உள்ளே போனார். கன்னியம்மாதான் முதல் பொத்தானை அழுத்தினாள்.

அப்புறம்

அந்த வாரக் கடைசியில் சேவியர் அண்ணன் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். பட்டறை வேலையெல்லாம் இனி வேறு கடைக்கு என்று முதலாளி சொல்லிவிட்டாராம். “நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலம்மா. கடைய நடத்தணுமில்ல” என்றார். என்னைப் பார்க்காமல், ஒரு பிளக்கைத் திருகிக்கொண்டே சொன்னார். அவர் நல்லவர். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் அதிகம். கெட்டவர்களிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

எனக்கு வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அண்ணி இன்னும் இரண்டு மூன்று வருடம் அங்கேயே இருந்தாள். திங்கட்கிழமைகள் நின்றன, இருமல் முழுதாக நிற்கவில்லை. உள்ளே போனது போனதுதான் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். பீடியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்த மட்டும் நல்லது.

ஒருநாள் சாயங்காலம் அண்ணி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைத் தேடிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். அதே இன்ஸ்பெக்டர் அன்றைக்குப் பட்டறைக்கு வந்திருந்தாராம். புதிய ஏற்பாட்டை முதலாளி விளக்கியிருக்கிறார். உறிஞ்சி நின்றால் எல்லா மெஷினும் நின்றுவிடும் என்று கேட்டதும் இன்ஸ்பெக்டர் பதறிப்போனாராம். தொழிலாளிகளின் உடம்பைப் பார்த்துக்கொள்ளவே சம்பளம் வாங்குகிற மனிதர்.

“அப்ப புரொடக்‌ஷன் கெடாதா சார்?” என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார்.

அண்ணி இதை அவரைப் போலவே கண்ணை விரித்துச் சொல்லிக் காட்டினாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணி துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, இருமல் வராமல், நெடுநேரம் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.